சட்டைப்பை நோட்டு: இங்க் பேனாவுக்கு எந்த பேப்பர் எடுக்கலாம்?

சைட்டுக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். நான் தாம்பரம் பக்கம் ஒரு அப்பார்ட்மென்ட் வேலையில சூப்பர்வைசரா இருக்கேன். காலைல ஏழு மணிக்கு போனா சாயங்காலம் வரைக்கும் நின்னுக்கிட்டேதான் இருக்கணும், எழுதுறதும் நின்னுக்கிட்டேதான், உள்ளங்கையில நோட்ட வெச்சு நாலு வரி எழுதிட்டு மூடி சட்டைப்பையில போட்டுட்டு அடுத்த மாடிக்கு ஓடணும். ரெண்டு வருஷமா இங்க் பேனாதான், பைலட் ககுனோ, எஃப் நிப் (மெலிசா எழுதுறது), கேமல் ராயல் ப்ளூ மை. பேனாவ அழுத்தாம எழுதுறதுல கட்டைவிரல் வலி நின்னுடுச்சு, அதனால திரும்ப பால்பாயின்ட்டுக்கு போற எண்ணமே இல்ல.

பிரச்சனை நோட்டுல. போன மாசம் ஒரு பீமுக்கு ரிங் இடைவெளி 150னு எழுதிட்டு உடனே மூடிட்டேன். மத்தியானம் பிரிச்சுப் பார்த்தா மை எதிர்ப்பக்கத்துல ஒட்டி, நடுவுல இருந்த 5 ஊறிப்போய் 6 மாதிரி நிக்குது. கம்பி கட்டுற அண்ணன் கேட்டப்ப 160னு சொல்லிட்டேன். நல்லவேளை கான்கிரீட் போடுறதுக்கு முன்னாடி ட்ராயிங்க வெச்சு சரிபார்த்ததுல தெரிஞ்சுது, ஆனா அவிழ்த்து திரும்ப கட்டினதுல ரெண்டு பேருக்கு அரை நாள் போச்சு. அவங்க ஒண்ணும் சொல்லல, எனக்குத்தான் மனசு கேக்கல.

அந்த நோட்டு சும்மா நோட்டு இல்ல, 100 ஜிஎஸ்எம்னு அட்டையில பெருசா போட்டு கொடுத்த நோட்டுதான். நெட்ல பார்த்தா டோமோயே ரிவர் டோமோயே ரிவர்னு ஒரு ஜப்பான் பேப்பர் பத்தியே எழுதியிருக்காங்க. அதை வாங்கினா சரியாயிடுமா? சட்டைப்பையில அடங்கணும், வேர்வைக்கு தாங்கணும், மாசம் ஒரு நோட்டு தீரும், அதனால விலையும் கட்டுபடியாகணும்.

மைக்கூடு

தம்பி, டோமோயே ரிவர் வாங்காதீங்க. ரொம்ப நல்ல பேப்பர், வீட்டுல நான் டைரி எழுதுறதே அதுலதான், ஆனா உங்க வேலைக்கு அது ஆகாது. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

முதல்ல இந்த ஜிஎஸ்எம் கணக்க மறந்துடுங்க. ஜிஎஸ்எம்ங்கறது ஒரு சதுர மீட்டர் பேப்பர் எத்தனை கிராம்ங்கறது மட்டும்தான், மைய நிறுத்துமா குடிக்குமாங்கறதுக்கும் அதுக்கும் நேரடி சம்பந்தம் இல்ல. டோமோயே ரிவர்ல பிரபலமானது 52 ஜிஎஸ்எம், நம்ம ஊரு சாதா நோட்டவிட மெலிசு, ரெண்டு விரல்ல பிடிச்சா வெங்காயத்தோல் மாதிரி சலசலன்னு இருக்கும், அதுல பட்டை நிப்ப வெச்சு மைய கொட்டினாக்கூட பின்பக்கம் இறங்காது. அதே சமயம் 100 ஜிஎஸ்எம் பேப்பர்ல எஃப் நிப்பே வேர் விட்டாப்ல பரவும், அத நீங்களே பார்த்துட்டீங்க.

வித்தியாசம் சைஸிங்ல இருக்கு. பேப்பர்ங்கறது நார், அதுக்கு தண்ணியக் கண்டா தாகம். அந்தத் தாகத்த அடக்கத்தான் கூழ் நிலையிலேயே ரோசினோ வேற கெமிக்கலோ சேர்ப்பாங்க, தாளான பிறகு மேல ஸ்டார்ச்சு பூசுவாங்க, காட்டன் புடவைக்கு கஞ்சி போடுற மாதிரினு வெச்சுக்கோங்க. கஞ்சி சரியா ஏறின தாள்ல மை மேலேயே நின்னு காயும். ஏறாததுல நார் வழியா இழுத்துக்கிட்டுப் போகும். பக்கவாட்டுல இழுத்தா எழுத்துக்கு மீசை முளைக்கும், கீழ்நோக்கி இழுத்தா பின்பக்கம் புள்ளி புள்ளியா வரும். மை இறங்காமலே பின்னாடி எழுத்து நிழலா தெரியறது தனி, அது தாள் மெலிசா இருக்கறதால வர்றது, அதுல கெடுதல் ஒண்ணுமில்ல.

இப்ப உங்க விஷயம். மை தாளுக்குள்ள போகலன்னா அது காத்துலதான் காயணும். அதுக்கு நேரம் ஆகும். டோமோயே ரிவர்ல என் பேனா மை காய்றதுக்கு அரை நிமிஷம் ஆகுது, மழை நாள்ல இன்னும் கூட. மேஜைல உக்காந்து எழுதுறவனுக்கு அது சுகம், மை மேலேயே நிக்கறதாலதான் ஒரே எழுத்துக்குள்ள வெளிர் நீலமும் அடர் நீலமும் தெரியுது. நாலு வரி எழுதிட்டு டப்புனு மூடுறவருக்கு அதே குணம்தான் எதிரி. சட்டைப்பை நோட்டுக்கு தேவை கொஞ்சமா மை குடிக்கிற பேப்பர், மீசை முளைக்காத அளவுக்கு மட்டும் குடிக்கணும். இந்த நடுவாந்தரம் கிடைக்கிறதுதான் கஷ்டம்.

தீவுல_ஒருத்தி

சிங்கப்பூர்லேர்ந்து. மைக்கூடு அண்ணா சொன்னது எனக்கும் பட்டு தெரிஞ்ச விஷயம். இங்க கினோகுனியா புக் கடைக்கு போனா ஜப்பான் நோட்டெல்லாம் ஒரே அலமாரியில இருக்கும், ஆசைப்பட்டு டோமோயே ரிவர் பேப்பர்ல வர்ற ஹோபோனிச்சி ஏ6 டைரி வாங்கி ஒரு வருஷம் ஆபீஸ் மீட்டிங்குக்கெல்லாம் தூக்கிட்டு போனேன், எழுதுற சுகம் சொல்லி மாளாது, ஆனா ஒவ்வொரு பக்கம் திருப்புறப்பவும் ஒத்துற பேப்பர் தேடணும். இப்ப மிடோரி எம்டி ஏ6க்கு மாறிட்டேன். எம்டின்னா மிடோரி டைரிதான், 1960கள்ல டைரிக்குன்னே அவங்க உருவாக்கின பேப்பர், க்ரீம் கலர், நிப்பு போறப்ப லேசா பிடிமானம் இருக்கும், வழுக்காது. டோமோயே ரிவரவிட சீக்கிரம் காயுது, மையும் பரவுறதில்ல.

ஆனா சைட்டுக்காரன் அண்ணாவுக்கு இத சொல்லமாட்டேன், ரெண்டு காரணம். ஒண்ணு விலை. இன்னொண்ணு ஏ6ங்கறது 105க்கு 148 மில்லிமீட்டர், ஹேண்ட்பேக்ல அழகா உக்காரும், ஆம்பளைங்க சட்டைப்பையில போட்டா ஓரம் இடிக்கும், குனிஞ்சா விழும். என் வீட்டுக்காரர் சட்டையில போட்டுப் பார்த்துட்டுதான் சொல்றேன்.

டோமோ_ரசிகன்

மைக்கூடு சார், மரியாதையோட மறுக்கிறேன். டோமோயே ரிவர் மேல பழிய போட வேண்டாம், மைய மாத்தினா போதும். எஃப் நிப்பு, வறண்ட மை (நிப்புலேர்ந்து கம்மியா இறங்கறது), அவ்வளவுதான். நான் பெலிக்கான் 4001 போட்டு 10, 12 செகண்டுல மூடிடறேன். இன்னொரு விஷயம், 2021ல டோமோயேகவா கம்பெனி அந்த பேப்பர் தயாரிப்ப விட்டுட்டாங்க, இப்ப சான்சென்னு வேற கம்பெனிதான் போடுறாங்க, பழசும் புதுசும் ஒரே மாதிரி இல்லங்கறது பேனாக்காரங்க எல்லாரும் பேசுறது. பழைய தாள்ல பட்ட அனுபவத்த வெச்சு புதுச எடை போடக்கூடாது.

மைக்கூடு

புதுசும் என்கிட்ட இருக்கு நண்பா, 52லயும் 68லயும். மைய மாத்தினா நேரம் குறையும்ங்கறது உண்மை, ஒத்துக்கறேன். ஆனா அந்த 10 செகண்டு ஏசி ரூம்ல. மே மாசம் மூணாவது மாடில வேர்த்து ஊத்துற கைல எழுதிப் பாருங்க. அங்க இன்னொரு சங்கடமும் வரும், கை எண்ணெய். உள்ளங்கை பட்ட இடத்துல பிசுக்கு ஏறி, அந்த மாதிரி வழுவழு தாள்ல பக்கத்தோட கீழ் பாதியில நிப்பு வழுக்கும், எழுத்து விட்டு விட்டு விழும், பேனாதான் ரிப்பேர்னு நினைச்சு கழுவிட்டு உக்காந்திருப்போம். கொஞ்சம் சொரசொரப்பான தாள்ல அந்தத் தொல்லை கம்மி.

தமிழம்மா

நான் தஞ்சாவூர் பக்கம் ஒரு ஸ்கூல்ல தமிழ் டீச்சர். ஒரு விஷயம் இங்க யாருமே சொல்லல. நெட்ல இருக்கற பேப்பர் ரிவ்யூ எல்லாம் இங்கிலீஷ் எழுத்த வெச்சு எழுதினது. நம்ம எழுத்துக்கு கணக்கே வேற. ஒரு தாள்ல ஏ பி சி டி எழுதிப் பார்த்தா நல்லாத்தான் இருக்கும், அதே தாள்ல ‘ஞ்’ எழுதிப் பாருங்க, ‘ண்’ எழுதிப் பாருங்க, ‘ணை’ எழுதிப் பாருங்க. சுழி, சுழிக்குள்ள சுழி, மேல புள்ளி. மை ஒரு அரைக்கால் மில்லிமீட்டர் பரவினா போதும், சுழி அடைஞ்சு போகும், ணகரம் எது னகரம் எதுன்னு தெரியாது. ‘இ’யோட உள்வளைவு மூடிக்கும். மெய்யெழுத்து மேல வைக்கிற புள்ளி இருக்கே, நிப்பு ஒரே இடத்துல நிக்கறதால அங்கதான் மை அதிகமா இறங்கும், பின்பக்கம் வர்ற கறை எல்லாம் பார்த்தீங்கன்னா பெரும்பாலும் புள்ளி வெச்ச இடமாத்தான் இருக்கும்.

அதனால நான் கடைக்கு போனா பேனாவ எடுத்துட்டு போயி, கடைக்காரர்கிட்ட கேட்டுட்டு, கடைசி பக்க மூலைல ‘மஞ்சள் கிண்ணம்’னு எழுதுவேன். ஞகர ஒற்றும் ணகர ஒற்றும் ணகரமும் அதுல வந்துடுது. அஞ்சு எண்ணிட்டு கட்டைவிரலால ஒரு இழுப்பு இழுப்பேன். சுழியெல்லாம் திறந்திருந்து, இழுப்புல மை வரலைன்னா வாங்கிடுவேன். 25 வருஷமா இந்த ஒரு சோதனைதான், பசங்களுக்கும் இதைத்தான் சொல்லித் தர்றேன்.

பசங்க நோட்டுல மை கொட்டினா நாங்கல்லாம் சாக்பீஸ உருட்டி ஒத்தி எடுப்போம், அது இன்னிக்கும் நல்லா வேலை செய்யுது. சைட்டுக்காரன் தம்பி சட்டைப்பையில ஒரு துண்டு ப்ளாட்டிங் பேப்பர் வெச்சுக்கலாமே?

சைட்டுக்காரன்

டீச்சர், மஞ்சள் கிண்ணம் இப்பவே எழுதிப் பார்த்தேன். என் நோட்டுல ‘ண்ண’ ரெண்டும் சேர்ந்து ஒரே நீலத் திட்டாயிடுச்சு. 100 ஜிஎஸ்எம் நோட்டு! ஆபீஸ்ல கிடந்த ஒரு கல்யாணப் பத்திரிகை பின்பக்கத்துல எழுதினா பளிச்சுன்னு நிக்குது ஆனா காயவே மாட்டேங்குது. மைக்கூடு அண்ணன் சொன்ன ரெண்டு பக்கமும் ஒரே நிமிஷத்துல புரிஞ்சுடுச்சு.

ப்ளாட்டிங் பேப்பர் வெச்சுப் பார்த்தேன் டீச்சர், காத்துல பறந்துடுது, இல்ல சிமென்ட் தூசி ஒட்டி அதுவே கறையாக்குது.

பாப்பன்பட்டறை

கரூர்காரனுங்க நானு. பேப்பர் மில் வேலையில இருந்து ரிட்டயர் ஆகிட்டேன். எங்கூர்ல காகிதபுரத்துல டிஎன்பிஎல் இருக்கறது எல்லாருக்கும் தெரியும், 1984ல ஓட ஆரம்பிச்ச மில்லு, கரும்புச் சக்கைல பேப்பர் போடுறது. நான் எந்த மில்லுனு சொல்லலீங்க, ஆனா 30 வருஷம் தாளத் தொட்டே வாழ்ந்தவன், அதனால ரெண்டு வார்த்தை.

அட்டையில ஜிஎஸ்எம் போடுறாங்க, எங்களுக்கு மில்லுல வேற ஒரு எண்ணு உண்டுங்க, கோப் வேல்யூ. ஒரு வளையத்துக்கு அடியில தாள வெச்சு தண்ணி ஊத்தி, 60 செகண்டு விட்டு, தண்ணிய ஒத்தி எடுத்துட்டு தாள எடை போட்டா, ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் தண்ணி குடிச்சுதுன்னு வரும். அதுதானுங்க மை கணக்கு. அந்த எண்ணு குறைய குறைய மை மேலேயே நிக்கும். நோட்டு அட்டையில யாரும் அத போடமாட்டாங்க. உங்க வீட்டுல மெசின் இல்ல, ஆனா நாக்கு இருக்குதுல்லங்க, தாள் மூலைய நாக்கு நுனில தொட்டு எடுங்க. உடனே கண்ணாடி மாதிரி நனைஞ்சு மறுபக்கம் தெரிஞ்சா சைஸிங் கம்மி. தொட்ட இடம் கொஞ்ச நேரம் வெள்ளையாவே இருந்தா தாள் கெட்டி. பழைய ஆளுங்க எல்லாம் இப்படித்தான் பார்த்தோம்.

அப்பறம் பேப்பர்ல வகை இருக்குதுங்க. ஸ்கூல் நோட்டுக்கு பெரும்பாலும் க்ரீம் வோவ், அதுல சைஸிங் அளவாத்தான் இருக்கும், பால்பாயின்ட்டுக்கும் பென்சிலுக்கும் அது போதும். மேப்லித்தோன்னு கேட்டு வாங்குங்க, அது ஆஃப்செட் பிரிண்டிங்குக்கு போடுறது, அந்த மெசின்ல தண்ணி படும், அதனால மேல ஸ்டார்ச்சு பூசித்தான் வரும், மைய ஓரளவு நிறுத்தும், ஆனா முழுசா நிறுத்தாது, கொஞ்சம் குடிக்கும். இந்தத் தம்பி கேக்கற நடுவாந்தரம் அதுதானுங்க. லெட்ஜர் பேப்பர், பாண்ட் பேப்பர் அதுக்கும் மேல, லெட்ஜர்ங்கறது கடைக்கணக்கு மைல எழுதி வருசக்கணக்கா வெக்கறதுக்குனே போட்ட தாளு. காப்பியர் பேப்பர்ல நம்பி இறங்காதீங்க, டோனர்ங்கறது பொடி, பொடி ஒட்டினா அவங்களுக்கு வேலை முடிஞ்சுது, தண்ணி மைக்குனு அது போடுறதில்ல. சிலது நல்லா வரும், சிலது வராது, ஒரே பேர்ல ரெண்டு பண்டல் வாங்கினாக்கூட வேற வேற மாதிரி இருக்கும்.

இன்னொண்ணு, தாளுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணு கிடையாதுங்க. கூழ் வலை மேல ஓடறப்ப வலை பட்ட பக்கம் ஒரு மாதிரி, மேல் பக்கம் ஒரு மாதிரி. அதனால நோட்டுல ஒரு பக்கம் மை நல்லா நின்னு அடுத்த பக்கம் பரவினா பேனாவ திட்டாதீங்க.

மைக்கூடு

ஐயா, இவ்வளவு நாள் இங்க இருக்கேன், கோப் வேல்யூ பத்தி இப்பத்தான் முதல் தடவையா கேக்கறேன். ரொம்ப நன்றிங்க. ரிவ்யூ எழுதுற எல்லாரும் இந்த ஒரு எண்ண கேட்டு வாங்கிப் போட்டா எத்தனை பேருக்கு காசு மிச்சமாகும்.

வடலிக்காத்து

யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். எங்கட பக்கம் நோட்டு எண்டு சொல்லுறதில்ல, கொப்பி. நான் கிராம அலுவலர் வேலையில இருந்தனான், வீடு வீடாப் போய் விவரம் எடுக்கிறது, பொக்கற்றுக்க ஒரு சின்னக் கொப்பி எப்பவும் இருக்கும். எனக்கு தாளவிட மழைதான் பெரிய கரைச்சல். ஒருக்கா சைக்கிள்ல வரேக்க மழை பிடிச்சு, வீட்ட வந்து பாத்தா பதினொரு குடும்பத்தின்ர விவரமும் நீலத் தண்ணியாப் போட்டுது. திரும்ப அந்தப் பதினொரு வீட்டுக்கும் போனனான். ஒரு வீட்டில இருந்த வயசான அம்மா, ரெண்டு தரம் வந்திட்டாய் மோனை எண்டு தேத்தண்ணி தந்தவ.

அண்டையோட சாதாரண நீல மைய விட்டிட்டன். இப்ப பிளாட்டினம் புளூ பிளாக். அது இரும்பு மை. எழுதேக்க நீலமா இருக்கும், காத்துப் பட்டு கறுக்கும், தண்ணி பட்டா நீலம் கொஞ்சம் போகும், ஆனா கறுப்பு எழுத்து தாளோட நிக்கும். இன்னொரு நன்மை, அந்த மை மலிவுத் தாளிலயும் பெரிசாப் பரவாது. நல்ல தாள் கிடைக்காத இடத்தில மையத்தான் மாத்த வேணும் எண்டது என்ர எண்ணம்.

மைக்கூடு

வடலிக்காத்து அண்ணே, அது நம்ம பெரியவங்களுக்கு தெரிஞ்ச வித்தைதான். கடுக்காயும் அன்னபேதியும் போட்டு மை காய்ச்சுவாங்க, அன்னபேதின்னா இரும்பு உப்பு, கடுக்காய்ல இருக்கற டானின் அதோட சேர்ந்து கருப்பாகும். நீங்க சொல்ற மை அதோட நவீன வடிவம். சைட்டுக்காரன் தம்பி கவனிக்க வேண்டியது ஒண்ணு, இந்த மைய போட்டுட்டு பேனாவ வாரக்கணக்கா சும்மா வைக்கக்கூடாது, காய்ஞ்சா உள்ள படியும். தினம் எழுதுறவருக்கு கவலை இல்ல, மாசம் ஒருக்கா தண்ணில கழுவினா போதும்.

மை ஒரு பக்கம் சரியாச்சு, நோட்டுக்கு வரேன். கடைல ரெடியா கிடைக்கறதுல நின்னுக்கிட்டு எழுதுறவங்களுக்கு நான் சொல்ற ஒண்ணே ஒண்ணு ரோடியா 12ஆம் நம்பர் பேட். ஆரஞ்சு அட்டை, 85க்கு 120 மில்லிமீட்டர், 80 ஜிஎஸ்எம், க்ளேர்ஃபோன்டேன் பேப்பர். பிரான்ஸ்ல 1858லேர்ந்து இருக்கற மில்லு அது. மேல்பக்கம் பின் அடிச்சு இருக்கும், தாள மேல தூக்கி அட்டைக்கு பின்னாடி மடிச்சுக்கலாம், அதனால எழுதின பக்கத்துக்கு எதிர்ல இன்னொரு பக்கமே கிடையாது, ஒட்டறதுக்கு இடமில்ல! மூடினாத்தான் அட்டை வந்து படும். சட்டைப்பையில கச்சிதமா உக்காரும். காயறதுக்கு டோமோ அளவுக்கு நேரம் எடுக்காது, ஆனா நம்ம மேப்லித்தோ அளவுக்கு சீக்கிரமும் இல்ல. மாசம் ஒண்ணுன்னா செலவு உங்களுக்கு ஒத்துவருமான்னு நீங்கதான் பார்க்கணும்.

டோமோ_ரசிகன்

ரோடியாவுக்கு நானும் கை தூக்கறேன். மேல மடிக்கிற பேட் பத்தி யோசிக்கவே இல்ல. மூணாவது மாடி வேர்வைல டோமோவ நான் எழுதிப் பார்த்ததில்ல, அந்த விஷயத்துல மைக்கூடு சார் சொன்னதை ஏத்துக்கறேன்.

சைட்டுக்காரன்

ரோடியா விலை பார்த்தேன், மாசா மாசம்னா கஷ்டம்தான். ஐயா சொன்ன மேப்லித்தோவ வாங்கி நானே நோட்டு போட்டுக்க முடியுமா? எங்க கிடைக்கும், எப்படி தைக்கிறது?

பிரஸ்மகன்

இந்த இழைல நான் எழுதணும்னு காத்துட்டிருந்தேன், அப்பாவுக்கு பிரஸ், நான் பைண்டிங் பார்த்து வளர்ந்தவன். சென்னைல பாரிஸ் கார்னர் போயி ஆண்டர்சன் தெருல நுழைஞ்சா ரெண்டு பக்கமும் பேப்பர் கடைதான். மேப்லித்தோ 80 ஜிஎஸ்எம், ஏ4 கட்டிங்ல வேணும்னு கேளுங்க. பேனாவ எடுத்துட்டு போங்க, சாம்பிள் தாள் கேட்டா கொடுப்பாங்க, நாலு கடைல நாலு தாள் வாங்கி டீச்சரோட மஞ்சள் கிண்ணத்த நாலுலயும் எழுதி, ஓரமா நின்னு பார்த்துட்டு அப்பறம் வாங்குங்க. அவசரப்பட்டு பண்டல் எடுத்துடாதீங்க.

இப்ப நோட்டு. தாள்ல நார் ஓடுற திசைன்னு ஒண்ணு இருக்கு, மடிப்பு அந்த திசையோட போனா நோட்டு படுத்து நிக்கும், குறுக்கா போனா மடிப்புல வெடிக்கும், மூடினாலும் வாயத் தொறந்துக்கிட்டே இருக்கும். ஏ4 பெரும்பாலும் நீளவாக்குல நார் ஓடறதா வரும். அத அப்படியே ரெண்டா மடிச்சு ஏ5 நோட்டு போட்டா மடிப்பு குறுக்கா விழும், தப்பு. ஆனா ஏ4அ ரெண்டா வெட்டி, அந்த பாதிய மடிச்சு ஏ6 நோட்டு போட்டா மடிப்பு நாரோட போகும். அதனால வீட்டுல நோட்டு போடுறவங்களுக்கு சின்ன நோட்டுதான் ராசி. சந்தேகமா இருந்தா ஒரு துண்டு தாளோட ஒரு பக்கத்த நனைங்க, சுருளும், குழாய் மாதிரி சுருள்ற அந்தக் குழாய் எந்தத் திசைல நீளமா நிக்குதோ அதான் நார் திசை.

எட்டு ஏ4 தாள் எடுங்க, வெட்டினா பதினாறு பாதி, மொத்தமா மடிச்சா 64 பக்கம். பதினாறையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணா செருகி மடிப்ப ஸ்பூன் முதுகால நல்லா தேய்ங்க. அட்டைக்கு பழைய காலண்டர் அட்டை, இல்ல ஃபைல் அட்டை. சென்டர் பின் அடிக்கலாம், நீள ஸ்டேப்ளர் இல்லன்னா சாதா ஸ்டேப்ளர தொறந்து அடியில தெர்மாகோல் வெச்சு குத்திட்டு காலை கையால மடக்குங்க. ஆனா தம்பிக்கு நான் சொல்றது நூல் தையல், பின் வேர்வைல துருப்பிடிச்சு தாள்ல கறை விடும். மடிப்புல மூணு ஓட்டை, நடுவுல ஒண்ணு, மேல கீழ ஒண்ணொண்ணு. நூலுக்கு மெழுகுவத்திய தேய்ச்சுக்கோங்க. உள்ளேர்ந்து நடு ஓட்டைல வெளிய விட்டு, மேல் ஓட்டைல உள்ள வந்து, நடுவ தாண்டி கீழ் ஓட்டைல வெளிய போயி, திரும்ப நடு ஓட்டைல உள்ள வந்துடுங்க. ரெண்டு நுனியும் உள்ள இருக்கும், நடுவுல ஓடுற நீள நூலுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணுன்னு வெச்சு முடிச்சுப் போடுங்க. இழுக்கறப்ப மடிப்போட நீளவாக்குல இழுக்கணும், மேல்நோக்கி இழுத்தா தாள் கிழியும்.

கடைசியா ஓரத்த வெட்டி 9க்கு 14 சென்டிமீட்டராக்கிடுங்க, இரும்பு ஸ்கேல், புது பிளேடு, ஒரே அழுத்துல வெட்டப் பார்க்காம பத்து தடவை லேசா. அந்த அளவுதான் வெளிநாட்டு பாக்கெட் நோட்டுங்க எல்லாம் ஏறக்குறைய இருக்கறது, நம்ம சட்டைப்பைக்கும் அது சரியா இருக்கு.

தமிழம்மா

இத பசங்களுக்கு கைவேலை பீரியட்ல சொல்லித் தரப்போறேன் தம்பி. நடு ஓட்டை கணக்கு எனக்கு ரெண்டு தடவை படிச்சப்பறம் பிடிபட்டுது.

சைட்டுக்காரன்

ரெண்டு மாசம் கழிச்சு வரேன், மன்னிக்கணும், ஸ்லாப் வேலை.

ஆண்டர்சன் தெருல ஒரு ஞாயித்துக்கிழமை போயி எல்லாம் பூட்டியிருந்துச்சு, திரும்ப ஒரு நாள் லீவு போட்டு போனேன். அஞ்சு சாம்பிள் வாங்கினேன். ஒரு மேப்லித்தோல ‘ண்’ணோட மூணு சுழியும் தனித்தனியா நின்னுச்சு, ஆறு எண்ணி இழுத்தேன், விரல்ல மை வரல. அங்கேயே ஒரு பண்டல் எடுத்துட்டேன். இன்னொரு கடைல அதே 80 ஜிஎஸ்எம்தான், அதே பேர்தான், பரவுச்சு, ஐயா சொன்னது அப்படியே. லெட்ஜர் தாளும் பார்த்தேன், எழுத்து அழகு அதுல, ஆனா பதினஞ்சு எண்ணணும்.

மை பிளாட்டினம் புளூ பிளாக். முதல் நோட்டு என் மனைவி தைச்சுது, நான் தைச்சது கோணலா வந்துடுச்சு. அட்டைக்கு மேல பழைய பாஸ்புக் கவர், அந்த ப்ளாஸ்டிக் கவர் வேர்வை உள்ள இறங்காம தடுக்குது, மேல் ஓரத்துல மட்டும் நனையுது. அந்த ஓரத்துல ஒரு விரக்கடை எழுதாம விட்டுடறேன். அப்பறம் தைச்ச பக்கம் மேல வர்ற மாதிரி திருப்பிப் பிடிச்சு ரோடியா மாதிரி மேல மடிச்சே எழுதறேன், நோட்டோட வலப்பக்கத்துல மட்டும், தீர்ந்ததும் தலைகீழா திருப்பி மறுபக்கம். எதிர்ப்பக்கத்துல ஒட்டறது சுத்தமா நின்னுடுச்சு.

இப்ப மூணாவது நோட்டுல இருக்கேன். கம்பி கட்டுற அண்ணன் ஒரு நோட்டு கேட்டாரு, பால்பாயின்ட்டுலதான் எழுதுவாரு, இருந்தாலும் நூல் தையல் போட்டதே வேணும்னாரு, கொடுத்துட்டேன்.

ஒரு சந்தேகம். பண்டல்ல பாதிக்கு மேல மிச்சம் இருக்கு, மழைக்காலம் வருது, வீடு வேளச்சேரி, ஈரம் ஏறாம எப்படி வைக்கிறது?

பாப்பன்பட்டறை

வந்த கவரப் பிரிக்காதீங்க தம்பி, வேணுங்கற தாள மட்டும் ஒரு ஓரமா உருவிட்டு திரும்ப மடிச்சு டேப் ஒட்டுங்க. தரையிலயும் சுவரு ஓரத்துலயும் வெக்காதீங்க, பீரோ நடுத்தட்டுல படுக்க வெச்சு மேல ஒரு பலகையும் கனமா ஏதாவதும் வைங்க, இல்லன்னா ஓரம் அலை அலையா வந்துடும். நோட்டு போடுறதா இருந்தா ஒரு நாள் முன்னாடியே தாள எடுத்து ஃபேன் காத்துல பிரிச்சு வெச்சுட்டு அப்பறம் தைங்க.